பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவே

ஜூன் 3, திங்கள்

இன்றிலிருந்து எனக்கு ஒரு பதவி. மலைப்பாதை வடிவமைப்பாளர். ஃபைரோஸ் அதை அச்சடித்து என் மேசைக்கு மேலே ஒட்டியும் விட்டான். அவன் எங்கள் முதலாளி. முப்பத்தொரு வயது. சரவணம்பட்டியில் ஒரு மாடியில் ஏழு பேரை வைத்துக்கொண்டு கார் பந்தய விளையாட்டு செய்கிறான். ஸ்டியரிங், பெடல் எல்லாம் மாட்டி, நிஜக் காரைப் போலவே ஓட்டுகிற விளையாட்டு. பிரேக் சூடானால் பிடிக்காது, டயர் தேய்ந்தால் வழுக்கும்.

இதுவரை அதில் இருந்ததெல்லாம் வட்டப் பாதைகள். சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வரலாம். இனி மலையேற்றம். அடிவாரத்தில் கிளம்பி உச்சியில் முடிய வேண்டும், ஒவ்வொருவராக, கடிகாரத்தோடு போட்டி. முதல் மலை செம்பாறை மலை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஆகஸ்ட் 30இல் வெளியீடு.

"அக்கா, இந்த ஊர்ல மலையக் காகிதத்துல எழுதுன ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றான்.

"தெரியும்" என்றேன்.

பொய் இல்லையே. பதினொரு வருடம் ராலி காரில் இடது சீட்டில் உட்கார்ந்தவள் நான். ஓட்டுகிறவனுக்குக் கண்ணெதிரே இருக்கிற ரோடு மட்டும்தான் தெரியும். அடுத்த வளைவு எப்படி இருக்கும் என்று பக்கத்தில் இருப்பவர் குறிப்பு நோட்டைப் பார்த்து வாசிக்க வேண்டும். ஒன்று என்றால் கடுமையான வளைவு, ஆறு என்றால் கிட்டத்தட்ட நேர் ரோடு. எல்லாரும் ஆங்கிலத்தில் வாசித்தார்கள். நான் தமிழில் வாசித்தேன். தமிழில் சொன்னால்தான் கிருபாவுக்குக் கை திரும்பும். ஏழு வருடம் கிருபாகரன் ஓட்டினான், நான் வாசித்தேன். கோப்பைகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. இன்று எல்லாவற்றையும் துடைத்து வைத்தேன்.

ஜூன் 8, சனி

ஃபைரோஸும் நானும் செம்பாறை போய் அளந்து வந்தோம். கார் கூரையில் கேமரா. செயற்கைக்கோள் சமிக்ஞை வாங்கும் கருவி ஒன்று. ஒன்பதாவது வளைவில் ஃபைரோஸ் காரை நிறுத்தி வாந்தி எடுத்தான். உலகத்துக்கே கார் பந்தயம் செய்து கொடுக்கிறவன்! எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்து, மீதித் தூரத்தை நானே ஓட்டினேன்.

பதினாலாவது கொண்டை ஊசி தாண்டினால் ஒரு நீண்ட இடது திருப்பம். வலப்பக்கம் பள்ளம். கடைசியில் ஒரு மதகு, அதற்குக் கல் சுவர். ஃபைரோஸ் நிறுத்தச் சொன்னான்.

"இதானேக்கா கிருபா திருப்பம்?"

ராலிக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ராலியில் எங்கள் கார் அங்கேதான் பள்ளத்தில் போய்விட்டது. யார் ஒரு வளைவில் விழுகிறாரோ அவர் பெயர் அந்த வளைவுக்கு ஒட்டிக்கொள்ளும். இந்தத் தொழிலில் அது வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ஃபைரோஸ் இறங்கிப் படம் எடுத்தான். நான் இறங்கவில்லை. வெயில் அதிகம்.

ஜூன் 12, புதன்

தலைவேதனை ஒன்று வந்தது. பதினாலிலிருந்து பதினாறு வரை மூங்கில் காடு, நிழல் கவிந்த இடம். சமிக்ஞை கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் ரோடு பாறைக்குள் புகுந்து ஒரு மரத்தின் வழியாக வெளியே வருகிறது.

நான் பீரோவைத் திறந்து பழைய குறிப்பு நோட்டை எடுத்துவந்து ஃபைரோஸ் முன்னால் போட்டேன். அவன் அதைத் தொடுவதற்கு முன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். எனக்கு அது பிடித்திருந்தது. போட்டிக்கு முன்னால் அதே ரோட்டில் இரண்டு சுற்று போவோம் என்று விளக்கினேன். முதல் சுற்றில் கறுப்பு மையில் எழுதுவது. இரண்டாம் சுற்றில் வாசித்துச் சரிபார்த்துச் சிவப்பில் திருத்துவது.

அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். "இந்தப் பக்கத்துல மட்டும் சிவப்பே இல்லையேக்கா?"

"திருத்த ஒண்ணுமில்ல, அதான்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் நான்கு வளைவையும் குறிப்பிலிருந்தே வரைந்து முடித்தேன். கருவி தோற்ற இடத்தில் என் நோட்டு ஜெயித்தது.

ஜூன் 20, வியாழன்

இன்று வயிறு வலிக்கச் சிரித்தோம். எங்கள் மென்பொருளுக்கு வட்டம் மட்டுமே தெரியும். எந்தப் பாதையைக் கொடுத்தாலும் கடைசியைக் கொண்டுபோய் முதலோடு முடிச்சுப் போட்டுவிடும். நான் காரை இருபத்தேழு வளைவும் ஏற்றி, உச்சியில் கோட்டைத் தாண்டினேன். அடுத்த நொடி ரோடு மறைந்தது. கார் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு ஒரே நேர்க்கோட்டில் அந்தரத்தில் பறந்தது. அப்புறம் 'இரண்டாம் சுற்று' என்று எழுத்து வந்தது.

சரி செய்ய ஃபைரோஸுக்கு ஒரு வாரம் ஆகுமாம்.

ஜூன் 26, புதன்

வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். அரை நாள் போச்சு. மீதி அரை நாளில் மைல்கல், ஹாரன் அடிக்கச் சொல்லும் பலகை, எதிரே வரும் வண்டியைக் காட்ட வளைவில் வைக்கிற குண்டுக் கண்ணாடி எல்லாம் நட்டேன். குரங்குகள் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். ஃபைரோஸ் யோசிக்கிறான்.

ஜூலை 1, திங்கள்

மலை நிற்கிறது! இனி உச்சியில் கோட்டைத் தாண்டினால் கார் நிற்கும், நேரம் தெரியும், அவ்வளவுதான். வெளியிலிருந்து பதினொரு பேர் வந்து ஓட்டிப் பார்த்தார்கள். ஏற்றத்தில் கார் மூச்சு வாங்குவதும், பின்பக்கம் கனமாகி முன் சக்கரம் லேசாவதும் அப்படியே இருக்கிறது என்றார்கள். எந்த இடம் ரொம்பப் பிடித்தது என்று கேட்டோம். பதினாலுக்கு அடுத்த நீண்ட இடது என்றார்கள் பாதிப் பேர். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகலாமாம்.

ஃபைரோஸுக்குக் குஷி தாங்கவில்லை. "அந்த எடத்துல 'கிருபா திருப்பம்'னு பலகை வெக்கறோம். வெளியீட்டன்னிக்கு அவரையே கூட்டிட்டு வந்து முதல் நேரத்த ஓட்ட வெக்கறோம்."

எதற்குத் தொந்தரவு, அவனுக்குக் கடை இருக்கிறது, வேலை இருக்கிறது என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ஃபோன் போட்டுவிட்டான். ஸ்பீக்கரில் கிருபாவின் குரல்.

"சுபா எழுதுன மலையா? அப்ப கண்ண மூடிட்டு ஓட்டலாமுங்க. அன்னிக்கே அவ சொன்னதக் கேட்டிருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்காது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஜூலை 2, செவ்வாய்

தலைவலி. வேலை ஓடவில்லை.

ஜூலை 13, சனி

ஃபைரோஸ் என்னிடம் சொல்லாமல் இரண்டு ஆட்களோடு செம்பாறை போய், அந்த மூங்கில் காட்டுப் பகுதியை டேப் வைத்து அளந்து வந்திருக்கிறான். இரண்டு மீட்டருக்கு ஒரு அளவு. மலை முழுக்க அளந்தது, அது மட்டும் குறிப்பை நம்பி வைத்தது, அது அவனுக்கு உறுத்தலாக இருந்ததாம்.

"என்னை நம்பலைன்னு நேரா சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றேன்.

"அய்யோ அக்கா, உங்களயா? வெளியூர்க்காரன் கேட்டா என்ன பதில் சொல்றது, அதுக்குத்தான்."

நான் அவனோடு சாப்பிடப் போகவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

புது அளவுகளை ஏற்றிவிட்டார்கள். நான்கு வளைவில் மூன்று என் குறிப்போடு அப்படியே பொருந்தின. அதை எழுதி வைக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், நகரும் ஜீப்பில் மடியில் நோட்டை வைத்து எழுதியது டேப் அளவோடு பொருந்துகிறது என்றால் அது சாதாரண விஷயமில்லை.

நீண்ட இடது மட்டும் பொருந்தவில்லை. முதல் பாதி சரி. பிற்பாதி சட்டென்று உள்ளே மடிகிறது.

ரோட்டை மாற்றிப் போட்டிருப்பார்கள் என்றேன். ஃபைரோஸ் ஒரு படத்தைக் காட்டினான். மதகுச் சுவரில் கட்டிய வருடம் வெட்டியிருந்தது. 1968.

ஜூலை 19, வெள்ளி

என் குரல் பதிவு. மலையேற்றப் போட்டியில் பக்கத்து சீட் காலிதான். ஆனால் வேண்டுமென்கிறவர்கள் என் குரலைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஃபைரோஸ் ஒரு வசதி வைத்திருக்கிறான். தமிழில் குறிப்பு வாசிக்கிற குரல் வேறு எந்தப் பந்தய விளையாட்டிலும் அவன் பார்த்ததில்லையாம். காலையில் ஒரே மூச்சில் இருபத்தேழு வளைவும் வாசித்தேன், நோட்டில் இருக்கிறபடி.

மத்தியானம் அதே பதினொரு பேர். புது அளவு ரோடு, என் குரல். பதினாலு தாண்டியதும், "இடது அஞ்சு, நீளம்."

ஒன்பது பேர் பள்ளத்தில் போனார்கள். ஒன்பது பேரும் அதே மதகுச் சுவரில் வலது முன் சக்கரத்தை இடித்து, அதே மாதிரி திரும்பி, எங்கள் கார் விழுந்த அதே இடத்தில். தப்பித்த இரண்டு பேரும் குரலை அணைத்துவிட்டு ஓட்டியவர்கள்.

ஃபைரோஸ் டீ வாங்கிவரப் போனான். அவன் டீ வாங்கிவரப் போய் நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 20, சனி

எழுதிவிடுகிறேன்.

முதல் சுற்றில் அந்தத் திருப்பத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பஸ். நடக்கிற வேகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அதன் முதுகைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகிறபோது ரோடு மடிவது உடம்புக்கும் தெரியாது. தொடக்கத்தைப் பார்த்து "இடது அஞ்சு, நீளம்" என்று எழுதினேன். இப்படி எழுதினால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, இரண்டாம் சுற்றில் பார்த்துச் சரி செய்ய வேண்டும். கேள்விக்குறி போடுகிற ஆள் நான் இல்லை. ஒரே சுற்றில் எழுதுகிறவள் என்று ராலியில் எனக்குப் பெயர். அந்தப் பெயர் எனக்குச் சாப்பாடு மாதிரி.

இரண்டாம் சுற்றில் கிருபா கேட்டான். "பதிமூணுல இருந்து படிக்கிறியா?" நான் சொன்னேன், "அது தெரியும், வுடு. மேல உச்சிப் பகுதிய ஒருக்காப் பாத்துக்கலாம்." அவன் விட்டுவிட்டான். நான் சொன்னால் அவன் எதையும் விட்டுவிடுவான்.

போட்டியன்று அவன் அஞ்சுக்குரிய வேகத்தில்தான் போனான். ஒரு கிலோமீட்டர்கூட அதிகமில்லை. எனக்குக் கை விரலில் சுளுக்கு. அவனுக்கு இடது காலில் மூன்று இடத்தில் முறிவு. விசாரணைக் குழு வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, "வேகம் ஜாஸ்தி" என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். கிருபா படுக்கையில் படுத்தபடி அதில் கையெழுத்துப் போட்டான். அவனுக்கு ஒரு வருடம் தடை. அப்புறம் எந்த அணியும் அவனைக் கூப்பிடவில்லை. பேச்சுக் கேட்காத டிரைவர் என்று சொன்னார்கள். என்னை நான்கு வருடம் கூப்பிட்டார்கள். போனேன்.

ஃபைரோஸிடம் அந்த ஒரு வரியை மட்டும் சத்தமில்லாமல் மறுபடி பதிவு செய்துவிடலாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படிச் செய்தால் ரோடு சரி, குரல் சரி. பலகையில் மட்டும் கிருபாவின் பெயர் இருக்கும், உலகம் முழுக்க.

ஜூலை 21, ஞாயிறு

பொள்ளாச்சி போனேன். கிருபா அங்கே வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கிறான், பின்னாலேயே வீடு. ஒன்பது வருடத்தில் இதுதான் முதல் முறை போகிறேன்.

"அட, சுபா! வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்று கத்திக்கொண்டே வந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறான். அவன் மனைவி தேன்மொழி, "வாங்கக்கா, உக்காருங்க. ஏனுங்க, அவங்க வந்து நிக்கறாங்க, ஸ்பேனரக் கீழ வெய்யுங்க" என்று காபி வைக்கப் போனாள். மகள் இலக்கியா டியூஷன் போயிருக்கிறாளாம். விபத்தன்று ஐந்து வயசு, இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.

காபி வருவதற்குள் சொல்லிவிட்டேன். நோட்டைத் திறந்து சிவப்பு மை இல்லாத பக்கத்தைக் காட்டினேன். பஸ்ஸைச் சொன்னேன். ஒன்பது பேர் விழுந்ததைச் சொன்னேன்.

அவன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இது உனக்கு எப்பத் தெரியும்?"

"முந்தாநேத்து."

நிமிர்ந்து பார்த்தான். ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் பொய் நிற்காது.

"ஆஸ்பத்திரியிலயே" என்றேன். "அன்னிக்குச் சாயங்காலமே நோட்டத் தொறந்து பாத்துட்டேன்."

காபியோடு வந்த தேன்மொழி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ற புள்ளைகிட்ட நான் என்ன சொல்லி வெச்சிருக்கேன் தெரியுமா?" கிருபாவின் குரல் ஏறவே இல்லை. "உங்கப்பனுக்கு நல்ல வழி சொல்ல ஒரு ஆளு பக்கத்துலயே இருந்துச்சு, கேக்காமப் போயி வுழுந்தான், நீயாவது பெரியவங்க சொன்னாக் கேளுன்னு. வாராவாரம் சொல்லுவேன் சுபா. நானே நம்பிட்டேன். எனக்கு ஞாவகம் இருக்குது, நீ அஞ்சுன்னு சொன்னது காதுலயே இருக்குது. ஆனா நீ தப்பாச் சொல்ல மாட்டீன்னு, அதுக்கப்புறம் மூணுக்கு இறுகும்னு சொன்னத நாந்தான் காதுல வாங்காம வுட்டுட்டேன்னு நெனச்சேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டது எனக்கே சின்னதாகப் பட்டது.

"எந்திரிச்சுப் போ" என்றான்.

தேன்மொழி வழி விட்டாள். காபி டம்ளர் அவள் கையிலேயே இருந்தது.

ஜூலை 22, திங்கள்

ஃபைரோஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மேசைக்கு மேலே ஒட்டியிருந்த பதவிக் காகிதத்தைக் கிழிக்கப் போனேன். "அரைத் திருப்பம் போக மலை முழுக்கச் சரியா இருக்குதுக்கா. உக்காந்து மிச்சத்தப் பாருங்க" என்றான்.

உட்கார்ந்தேன்.

ஜூலை 30, செவ்வாய்

குரங்குகள் வந்துவிட்டன. இரண்டு. பதினெட்டாவது வளைவுச் சுவரில் உட்கார்ந்திருக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வந்தான்!

முன்கூட்டிச் சொல்லவில்லை. பதினொரு மணிக்குப் படியேறி வரும் சத்தம், ஒரு கால் கனமாக, ஒரு கால் லேசாக. யார் என்று பார்க்காமலே தெரிந்தது. என்னைப் பார்க்கவில்லை. ஃபைரோஸிடம், "எங்க தம்பி, அந்த மலையக் காட்டு" என்றான். சீட்டில் உட்கார்ந்து கிளட்ச் பெடலை மிதித்துப் பார்த்து, ஸ்பிரிங்கைத் தளர்த்தச் சொன்னான். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவன் தோள் இறங்கியது. அந்த இறக்கத்தை எனக்குத் தெரியும்.

"குறிப்பப் போடு."

ஃபைரோஸ் தயங்கினான். "அண்ணா, அந்தப் பதிவு இன்னும் பழசுதான். திருத்தல."

"ஆளே இங்கதான நிக்குது? படிக்கட்டும்."

ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து அவனுக்கு இடப்பக்கம் போட்டுக்கொண்டேன். நோட்டை மடியில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் இப்போது சிவப்பு மை இருக்கிறது.

கிளம்பினோம். மூன்றாவது வளைவுக்குள் என் குரல் தன் இடத்தைப் பிடித்துவிட்டது. வளைவுக்கு இவ்வளவு முன்னால் சொல்ல வேண்டும், இந்த மூச்சில் நிறுத்த வேண்டும் என்று உடம்பு மறக்கவில்லை. அவன் கையும் மறக்கவில்லை. ஆபீசே எங்கள் பின்னால் வந்து நின்றது தெரிந்தது. பதிமூன்று. பதினாலு. முதல் கியர், சக்கரம் அரைக்கிறது, வெளியே வருகிறோம்.

"இடது அஞ்சு, நீளம், பிற்பாதி மூணுக்கு இறுகும், வலது பள்ளம்."

இறுகும் என்ற சொல்லில் அவன் கால் எடுத்தான். கார் மூக்கைத் தாழ்த்தி உள்ளே மடிந்தது. மதகுச் சுவர் ஒரு சாண் தள்ளிப் போனது. எனக்குக் கண் நிறைந்து அடுத்த வரி தெரியவில்லை. மனப்பாடமாகவே சொன்னேன். ஒரு வளைவும் தவறவில்லை.

உச்சியில் எட்டு நிமிடம் நாற்பத்தோரு நொடி. பதினொரு பேரில் யாரும் பத்துக்குக் கீழே வந்ததில்லை. ஆபீஸ் முழுக்கக் கத்தியது. என்ன ஓட்டு! இதை நான் யாரிடமிருந்து பறித்தேன், எத்தனை வருடம் பறித்தேன் என்பதும் அந்தக் கத்தலுக்குள்ளேயே எனக்குத் தெரிந்தது.

கிருபா இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டான். "தம்பி, அங்க என்ற பேரு போட்டு ஒரு பலகை நிக்குதே."

"எடுத்தர்றோமுங்கண்ணா" என்றான் ஃபைரோஸ்.

"பலகைய எதுக்கு எடுக்கறே? தப்புப் பண்ணுனவங்க பேரத்தான வெப்பாங்க? அவ பேர வெய்."

ஃபைரோஸ் என்னைப் பார்த்தான்.

"சுபான்னு வேண்டாம்" என்றேன். "சுபாஷிணின்னு முழுசாப் போடு."

அப்போதுதான் கிருபா முதல் முறையாக என் பக்கம் திரும்பினான். "கோவம் இன்னும் போகல" என்றான்.

"போக வேண்டாம்" என்றேன்.

ஆகஸ்ட் 7, புதன்

அந்த ஒரு வரியை இன்று மறுபடி பதிவு செய்தேன். விசாரணைக் குழு இருந்த சங்கத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். இரண்டு பக்கம். நோட்டுப் பக்கத்தின் நகலையும் வைத்தேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

செம்பாறை மலை வெளியாகிவிட்டது. காலை பத்து மணிக்குப் பொத்தானை ஃபைரோஸ் என்னை அழுத்தச் சொன்னான். மத்தியானத்துக்குள் நாலாயிரம் பேர் ஏறியிருந்தார்கள். அதில் பாதிப் பேராவது என் குரலைப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். பின்லாந்துக்காரன் ஒருவனுக்கு ஒரு வார்த்தை புரியாதாம், ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால்தான் கார் நேராகப் போகிறதாம். மேசைக்கு மேலே ஒட்டிய காகிதத்தை இன்று நிமிர்ந்து பார்த்தேன். நான் செய்த மலை. பெருமையாக இருக்கிறது, எழுதினால் என்ன.

மூன்று மணி வாக்கில் விளையாட்டின் பக்கத்தில் நாகர்கோவில்காரர் ஒருவர் கேட்டிருந்தார். 'பதினாலுக்கு அப்புறம் சுபாஷிணி திருப்பம்னு இருக்கே, குரலை அணைச்சுட்டுப் போய் நாலு தடவை விழுந்துட்டேன். யாருங்க இந்த சுபாஷிணி? பெரிய டிரைவரா?'

ஃபைரோஸ் பதில் எழுதப் போனான். நான் தடுத்து, என் பெயரிலேயே எழுதினேன்.

'டிரைவர் இல்லை. பக்கத்து சீட்டில் குறிப்பு வாசித்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் ராலியில் இந்தத் திருப்பத்தைத் தவறாக எழுதினார், தவறாக வாசித்தார். கார் பள்ளத்தில் விழுந்தது. பழியை டிரைவர் மேல் போட்டார். அந்த சுபாஷிணி நான்தான்.'

அனுப்பிவிட்டு, வருவது வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பழைய ராலிக்காரர்கள் பார்ப்பார்கள், திட்டுவார்கள் என்று தெரியும். திட்டினார்கள். இரண்டு பேர் நன்றாகவே திட்டினார்கள். எல்லாவற்றையும் படித்தேன்.

அவற்றுக்குக் கீழே, நாலரை மணிக்கு, ஒரே ஒரு வரி வந்தது. எழுதியவர் பெயர் இலக்கியா கிருபாகரன்.

'அந்தக் காரை ஓட்டினது எங்கப்பா. சொன்னபடிதான் ஓட்டினார்.'